கறை இல்லாத கிளவுஸ்

1

இங்கே மருந்துக் கடைக்குள் ஒரு அறை இருக்கிறது. அறை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். பேரணாம்பட்டு மெடிக்கல் ஷாப்புகளில் குளுக்கோஸ் பெட்டி அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த அளவு இடம்தான். இரண்டு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், ஒரு டிஷ்யூ டப்பா, கதவில் கையகலக் கண்ணாடி. புதிதாக ஒரு மருந்தை ஆரம்பிக்கிற ஆளை அதற்குள் கூட்டிப்போய், கதவைச் சாத்தி, உட்காரவைத்துப் பேசுகிறார்கள். அதற்குக் காசு வாங்குவதில்லை.

ஊரில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம் முறை நமக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டு எதிரே கடை. எட்டுப் பேர் கை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். கடைக்கார இலியாஸ் பாய் கத்தரிக்கோலால் மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டே, "இன்னா, எத்தினி நாளா போவுது? தண்ணியாவா, கட்டியாவா?" என்று சத்தமாகக் கேட்பார். நாமும் சத்தமாகவே சொல்வோம். குடியாத்தம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அதைக் கேட்டு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஒரு வேளைக்கு மூன்று மாத்திரை, காகிதத்தில் மடித்து. சாயங்காலத்துக்குள் குணம் தெரியவில்லை என்றால் திரும்பப் போய், "பாய், கேக்கல" என்போம். வேறு நிறத்தில் மூன்று கொடுப்பார்.

அப்படி வளர்ந்தவனை இந்த வைகாசியில் ஒரு பெண் "உள்ளே வாங்க" என்று கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். எனக்கு வந்த முதல் நினைப்பு, விசாவில் ஏதோ தப்பு என்பதுதான்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். பேரணாம்பட்டில் ஒரு தோல் தொழிற்சாலையில் பதினாறு வருடம் டிரம் ஓட்டினேன். ஆள் உயர மர உருளைக்குள் தோலையும் தண்ணீரையும் மருந்தையும் போட்டுச் சுற்றவிடுகிற வேலை. என் மனைவி கலா வேலூரில் நர்சிங் படித்தவள். அவளுக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்தது. நான் அவள் பெட்டிகளோடு ஒரு பெட்டியாக வந்து சேர்ந்தேன். இப்போது ஒரு ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் வேலை. இங்கேயும் டிரம்தான் சுற்றுகிறது. உள்ளே தோலுக்குப் பதில் படுக்கை விரிப்பு.

இந்த நாட்டுக்கு வந்து பத்து வருடம் ஆனதைக் கொண்டாட சித்திரையில் கலா ஒரு கேக் வாங்கி வந்தாள். மெழுகுவத்தி ஏற்றினோம். வத்தி சாய்ந்தால் திரைச்சீலை பற்றும், திரைச்சீலை பற்றினால் வீட்டுக்காரர் பணம் கேட்பார், பணம் இல்லையென்றால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். நெஞ்சு இறுகியது. இரண்டு கையும் மரத்துப்போனது. ஆம்புலன்ஸ் வந்தது. விடியவிடியப் பரிசோதித்துவிட்டு, இதயம் முதல்தரம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஓனர்தான் சரியில்லை என்பதைக் குடும்ப டாக்டரிடம் தள்ளிவிட்டார்கள்.

அவர் ஒரு படிவம் கொடுத்தார். 'ஏதோ மோசமாக நடக்கப்போகிறது என்ற பயம் கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இருந்தது?' சில நாள், பாதி நாள், ஏறக்குறைய தினமும். எனக்கு இன்னொரு கட்டம் தேவைப்பட்டது. தினமும், ஓவர்டைம் உட்பட.

அப்படி எழுதிக் கொடுக்கப்பட்டதுதான் அந்த மாத்திரை. பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நம்மவர்களில் நாலு பேர் இலியாஸ் பாயிடம் போய் ரெண்டு வெட்டிக் கேட்பார்கள்.

2

கதவைச் சாத்திய பெண்ணின் சட்டையில் நுஸ்ரத் என்று எழுதியிருந்தது. அவள்தான் மருந்தாளர். முப்பது வயதுக்குள் இருக்கும். மடமடவென்று இங்கிலீஷில் பேசினாள். நான் தலையாட்டினேன். புரியாதபோது தலையாட்டுவதில் எனக்குப் பத்து வருட அனுபவம் உண்டு. 'மனச்சோர்வு', 'பதற்றம்' என்று ஏதோ இரண்டு வார்த்தை காதில் விழுந்ததும் என்னையறியாமல், "க்யா பேஜார் ரே" என்று முணுமுணுத்துவிட்டேன்.

அவள் நிமிர்ந்தாள். "அங்கிள், உருது தெரியுமா?"

அவளுடைய அப்பா அம்மா பாகிஸ்தானிலிருந்து வந்தவர்கள். உருதுவை அவள் அம்மாவிடம் திட்டு வாங்கிக் கற்றிருந்தாள். நான் தோல் தொழிற்சாலையில் உருது பேசுகிற மேஸ்திரிகளிடம் திட்டு வாங்கிக் கற்றவன். ஆகவே இருவருக்கும் திட்டுவதற்குப் போதுமான உருது இருந்தது, மனசைப் பற்றிப் பேசத்தான் இல்லை. இருப்பதை வைத்துக்கொண்டு பேசினோம். அவள் சொன்னதையும் நம் ஊர்த் தமிழிலேயே எழுதுகிறேன். அவளுக்குத் தெரியப்போவதில்லை.

"உங்களுக்கு உள்ள எப்டி இருக்கு அங்கிள்?"

"பேஜாரா இருக்கு மேடம்."

"எப்பலேர்ந்து?"

"பொறந்ததுலேர்ந்து."

அவள் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள். "இது இன்னிக்கு போட்டா நாளைக்கு கேக்கற மாத்திரை இல்ல. ரெண்டு வாரம், நாலு வாரம், அதுக்கு மேலயும் ஆவலாம்."

"நாலு வாரமா? நாலு வாரத்துல பச்சத் தோலு ஷூவாயி கப்பல் ஏறிடும் மேடம்!"

"முதல்ல குமட்டும். வயிறு கலக்கும். தூக்கம் கெடலாம். படபடப்பு கொஞ்ச நாளைக்கு ஜாஸ்தியாகூட ஆவலாம். அப்புறம்தான் கம்மியாவும்."

"வியாதிய ஜாஸ்தி பண்றதுக்கு ஒரு மருந்தா?"

"அதுக்குதான் மொத வாரம் பாதி மாத்திரை. காலைல, சாப்ட்டுட்டு. அடுத்த வாரத்துலேர்ந்து முழுசு."

இது எனக்குப் புரிந்தது. டிரம்மில் தோலைப் பதப்படுத்தக் குரோம் உப்பு ஏற்றும்போது, அது உள்ளே பிடிப்பதற்காகச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக, பல தவணையாகப் போட வேண்டும். அவசரப்பட்டு மொத்தத்தையும் கொட்டினால் மருந்து மேலேயே நின்றுவிடும். தோல் பாழ். இதைக் கையை ஆட்டி ஆட்டி அவளுக்கு விளக்கினேன். அவள் டிரம் எத்தனை நேரம் சுற்றும் என்றுகூடக் கேட்டாள். பத்து வருடத்தில் இந்த ஊரில் என் தொழிலைப் பற்றி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு அதே குரலில், டீக்குச் சர்க்கரை போடலாமா என்று கேட்பதுபோல், "அங்கிள், செத்துப் போயிடலாம்னு எப்பவாவது தோணுதா?" என்று கேட்டாள்.

நம் பக்கத்தில் இந்தக் கேள்வியை ஆள் போன பிறகுதான் கேட்பார்கள், அதுவும் வேறு யாரிடமாவது.

"எனக்கா? செத்துடுவமோன்ற பயம்தான் மேடம் என் வியாதியே."

இந்த முறை சிரித்தாள். "அப்டி எதாவது தோணிச்சுன்னா அன்னிக்கே சொல்லணும். காத்துனு இருக்கக் கூடாது. நீங்களா நிறுத்தவும் கூடாது. ரெண்டு வாரத்துல நான் போன் பண்றேன்."

வெளியே வந்தேன். ரத்த அழுத்தம் பார்க்கிற மெஷினுக்குப் பக்கத்து நாற்காலியில், கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெரியவர் மடியில் பிளாஸ்டிக் பையோடு உட்கார்ந்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். முன்பும் அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் அதே நாற்காலியில் பார்த்திருக்கிறேன். பாவம், பெரிய வியாதி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

3

மாத்திரைப் பெட்டிக்குள் ஒரு காகிதம் இருந்தது. விரித்தால் எங்கள் சாப்பாட்டு மேசையை மூடுகிறது. என்னென்ன பக்கவிளைவு வரலாம் என்ற பட்டியல். என் போன்ற ஆளுக்கு இப்படி ஒரு காகிதத்தை உள்ளே வைத்துக் கொடுப்பது, குடிகாரனைச் சாராயக் கடைக்குக் காவல் வைப்பது போல. போனில் மொழிபெயர்த்து முழுக்கப் படித்தேன். முதல் பக்கம் முடிவதற்குள் எனக்கு ஆறு வந்துவிட்டது. பால் சுரக்கலாம் என்று ஒரு இடத்தில் போட்டிருந்தான். இரண்டு நாள் சட்டைக்குள் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நாலு நாள் தினம் ஒரு மாத்திரையைப் பிதுக்கி உடைத்து, பாதியைப் போட்டுக்கொண்டு மீதியைக் குப்பையில் எறிந்தேன். நிஜமாகவே குமட்டியது. ஐந்தாம் நாள் நிறுத்தினேன்.

கலாவுக்குத் தெரியக்கூடாது. அவள் நர்ஸ். பார்வையிலேயே மாத்திரை எண்ணிவிடுவாள். ஆகவே தினமும் காலையில் அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி டாய்லெட்டில் போட்டுத் தண்ணீர் இழுத்துவிட்டேன். அதைப் பற்றியும் கவலைதான். கீழே போகிற குழாயில் எலிகள் சாந்தமாகிவிடுமோ என்று.

இங்கே நிவேதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஒரே மகள், பதினெட்டு வயது. வெளியே அவள் பெயர் நிவ். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் மட்டும் தமிழ். ஆகவே வீட்டில் தமிழ் நன்றாகவே வளர்ந்தது. பள்ளிக்கூடம் போனால் பஸ் ஏறினாயா, இறங்கினாயா, உள்ளே போனாயா என்று மூன்று போன். எடுக்கவில்லை என்றால் ஆபீஸுக்கு ஒரு போன். ஒருமுறை பரீட்சை நடுவே அவளைக் கூப்பிட்டு அனுப்பி, "உன் அப்பா நீ உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கிறார்" என்று சொல்லியிருக்கிறார்கள். அன்று வீட்டில் செந்தமிழ் பொழிந்தது.

அவளுக்கு ஐந்து மணி நேர ரயில் தூரத்தில், கடலோரத்தில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கடல் உயிரினங்கள் பற்றிய படிப்பு. பாலாற்றிலேயே தண்ணீரைப் பார்க்காத பரம்பரை நாங்கள், இவள் கடலுக்குப் போகிறாளாம். உள்ளூர்க் கல்லூரியிலும் ஏதோ ஒரு படிப்பு கிடைத்திருந்தது. ஜூன் முதல் வாரத்துக்குள் கம்ப்யூட்டரில் இரண்டில் ஒரு பட்டனை அழுத்த வேண்டும்.

மாத்திரையை நிறுத்தி மூன்று நாள் ஆகியிருக்கும். சமையலறையில் தாயும் மகளும் பேசுவது ஹாலில் கேட்டது.

"அம்மா, நான் இங்கயே சேந்துக்கறேன். நீ நைட் டூட்டி போய்டுவ. அப்பாவுக்கு மறுபடி அந்த மாதிரி வந்தா யார் பாத்துப்பா?"

"அதுக்கு நீ இன்னாடி பண்ணுவ? உனக்கு பிடிச்ச படிப்பு."

"பரவால்லம்மா. மீனு எங்கயும் போய்டாது."

எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். நான் குணமானால் பிள்ளை போய்விடும். குணமாகாவிட்டால் சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டில் இருக்கும். பிறகு டாய்லெட்டில் தண்ணீர் இழுக்கும்போது குமட்டல் பயமெல்லாம் சாக்கு என்று எனக்கே தெரிந்தது. தெரிந்துதான் இழுத்தேன்.

4

நம் தோல் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்கு ஆடிட் என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: வெளிநாட்டில் நம் தோலை வாங்குகிறவர்கள், தொழிலாளியை ஒழுங்காக வைத்திருக்கிறார்களா என்று பார்க்க ஆள் அனுப்புவார்கள். அவர்கள் வருவது ஒரு வாரம் முன்பே எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் கம்பெனியில் பாஸ்கர் என்று ஒரு ஆபீசர் இருந்தார். ஆடிட்டுக்கு முன்னால் எங்களை வரிசையில் நிறுத்திப் பாடம் எடுப்பார். பள்ளிக்கூடத்தில் வாங்காத மார்க்கையெல்லாம் நான் அங்கேதான் வாங்கினேன்.

"ஷிப்ட் எத்தினி மணி நேரம்?"

"எட்டு மணி நேரம் சார்."

"ஓவர்டைம்?"

"நம்ம இஷ்டம் சார்."

"கிளவுஸ் தர்றாங்களா?"

"டெய்லி சார்."

"வேற எதாவது?"

"பிராப்ளம் எதுவும் இல்ல சார்."

"கடைசி பதில் சிரிச்சினே சொல்லணும்டா. சேகர பாரு, எப்டி சொல்றான்."

சேகர் நான்தான். பதினாறு வருடத்தில் எத்தனை ஆடிட்டர் வந்தார்களோ, அத்தனை பேர் முன்னும் என்னைத்தான் நிறுத்துவார்கள். பயந்த முகம் எனக்கு. பயந்தவன் பொய் சொல்லமாட்டான் என்று வெள்ளைக்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். உலகத்தில் பயந்தவனைவிட நன்றாகப் பொய் சொல்கிறவன் கிடையாது.

ஒரே ஒரு அம்மாள் மட்டும் ஏமாறவில்லை. நரைத்த தலை, குட்டை உருவம். நான் எல்லாப் பதிலையும் சிரித்துக்கொண்டே சொல்லி முடித்தேன். அந்த அம்மாள் என் கிளவுஸைக் கழற்றச் சொன்னார். திருப்பிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். அன்று காலை ஏழு மணிக்குத்தான் கவரைக் கிழித்துக் கொடுத்திருந்தார்கள். ஒரு சொட்டுக் கறை கிடையாது. பிறகு என் கையைப் பிடித்து விரித்தார். குரோம் தண்ணீரில் ஊறி ஊறி நகம் பத்தும் நீலம்.

நோட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஆடிட்டுக்கு முதல் நாளே பாஸ்கர் சார் புது கிளவுஸ்களைக் குரோம் தண்ணீரில் முக்கிக் காயவைத்துக் கொடுத்தார். நாங்களும் பாடம் கற்றோம். அந்த அம்மாள் சொல்ல நினைத்த பாடத்தை அல்ல.

5

சொன்ன நாளில் நுஸ்ரத் போன் செய்தாள். சலவைக் கூடத்தில் டீ இடைவேளை. அவள் கேள்விகளை ஆரம்பித்ததும், என் முதுகு தானாக நிமிர்ந்தது. காதில் பாஸ்கர் சார் குரல்.

"மாத்திரை போட்டுக்கறீங்களா அங்கிள்?"

"டெய்லி மேடம்."

"சாப்ட்டதுக்கு அப்புறம்தான?"

"கரெக்டா."

"எதாவது ஒரு நாள் விட்டுப்போச்சா?"

"சான்ஸே இல்ல."

"குமட்டல்?"

"இல்ல."

"தூக்கம்?"

"படுத்தா காலைலதான்."

"படபடப்பு ஜாஸ்தியாச்சா?"

"ஜீரோ மேடம். பிராப்ளம் எதுவும் இல்ல." சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அந்தப் பக்கம் பேனாவை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "வேல முடிஞ்சதும் கடைக்கு வர்றீங்களா அங்கிள்? அந்த அட்டைய எடுத்துனு வாங்க" என்றாள்.

அட்டையில் எனக்குப் பயமில்லை. பதினாலு நாள், பதினாலு குழி காலி. அதற்காகத்தானே தினமும் பிதுக்கினேன். வீட்டுக்குப் போய் அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்திப் போனேன். தொப்பிக்காரர் அதே நாற்காலியில் இருந்தார். நுஸ்ரத் கதவைச் சாத்தி, அட்டையை வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ரொம்ப சுத்தமா இருக்கு அங்கிள்."

"ஆமா மேடம்."

"மொத வாரம் பாதிதான சொன்னேன்? பத்து பதினொண்ணுதான போயிருக்கணும்?"

என் நகத்தைப் பார்த்துக்கொண்டேன். நீலம் போய்ப் பத்து வருடம் ஆகிறது. ஆனாலும் கையை மேசைக்கு அடியில் மறைத்தேன்.

அவள் திட்டவில்லை. "மொத வாரம் எல்லாருக்கும் எதாவது ஒண்ணு இருக்கும். ஒண்ணுமே இல்லன்னு சொல்றவங்கள பாத்தாதான் எனக்கு பயம். எங்க போச்சு மாத்திரைங்க?"

சொன்னேன். டாய்லெட், எலி, பால் சுரக்கும் காகிதம் எல்லாம். பிறகு, சொல்லவே கூடாது என்றிருந்ததையும் சொன்னேன். என் உருதுவில் 'மகள்' என்ற வார்த்தை உண்டு, 'போகிறாள்' என்ற வார்த்தை உண்டு, 'வேண்டாம்' உண்டு. அவ்வளவு போதுமாக இருந்தது.

நுஸ்ரத் கதவுக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள்.

"அங்க ஒக்காந்துனு இருக்காரே, யாருன்னு நெனச்சீங்க?"

"பேஷன்ட்டு."

"எங்கப்பா."

நான் எட்டிப் பார்த்தேன். பெரியவர் பையைத் திறந்து ஒரு டப்பாவைத் தொட்டுப் பார்த்து மூடினார்.

"எனக்கும் வெளியூர்ல எடம் கெடச்சுது. டாக்டர் படிப்பு. அப்பா நெஞ்ச பிடிச்சாரு. இங்கயே மருந்தாளர் படிப்புல சேந்துட்டேன், கடையும் வீட்லேர்ந்து ரெண்டு தெருதான். தெனம் மூணு மணிக்கு வந்துடுவாரு. நான் உள்ள இருக்கேனா, சாப்ட்டேனான்னு பாக்க. பிபி மெஷின் பக்கத்துல ஒக்காருவாரு, பிபி மட்டும் பாத்துக்க மாட்டாரு."

"உங்கப்பாவுக்கு இந்த மாத்திரை...?"

"இந்த ரூம்ல ஊரெல்லாம் ஒக்கார வெச்சு பேசறேன் அங்கிள். அவரு மட்டும் உள்ள வரமாட்டேன்றாரு." டிஷ்யூ டப்பாவைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். "இத நான் சொல்லியிருக்கக் கூடாது. மறந்துடுங்க."

அப்புறம் மருந்தாளராக மாறிவிட்டாள். நிறுத்தியது பெரிய குற்றமில்லை, சொல்லாமல் நிறுத்தியதுதான் தப்பு. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு மருந்து இருக்கிறது. டாக்டரிடம் அவளே போனில் பேசினாள். மறுபடி பாதியிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார்கள்.

வெளியே வரும்போது பெரியவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஒரு நாற்காலி, மடியில் ஒரு டப்பா, கண் முழுக்க அந்தக் கதவு. இருபது வருடம் கழித்து நான் உட்காரப்போகிற இடத்தை யாரோ முன்கூட்டியே காட்டியது போல இருந்தது.

6

அன்று இரவுச் சாப்பாட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கலா தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"யோவ், வார்டுல முப்பது பேருக்கு நான் மாத்திரை குடுக்கறேன். ஒருத்தனாவது துப்பினது இல்ல. என் வீட்ல டாய்லெட்டுக்கு வைத்தியம் பாத்துனு இருக்க!"

"குமட்டுச்சு கலா."

"உன்ன கட்டிக்கினு இருவது வருசமா எனக்கு குமட்டுது. நான் இன்னா, நிறுத்திட்டனா?"

நிவேதா சிரிக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டனை அழுத்த இன்னும் நாலு நாள் இருந்தது.

"கடல் காலேஜ் பட்டன அமுத்துமா" என்றேன்.

"நீ ஓகேவாப்பா?"

பதினாறு வருடப் பயிற்சி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பிராப்ளம் எதுவும் இல்ல. அதை விழுங்கினேன்.

"ஓகே இல்ல. நீ போனா எனக்கு இன்னா ஆவும்னு தெர்ல. ஆனா அது என் வியாதி. நீ போ."

அவள் எழுந்து அறைக்குப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் போனில் ஒரு படம் வந்தது. பட்டனை அழுத்திய பக்கம். கீழே ஒரு மீன் பொம்மை. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, கழிவறைக்கு ஓடினேன். அன்று மாத்திரை ஏதும் போட்டிருக்கவில்லை.

மறுபடி ஆரம்பித்தேன். குமட்டல், வாய் வறட்சி, பஸ்ஸில் முன்னால் இருப்பவரும் பயப்படுகிற அளவு கொட்டாவி. இன்னொன்றும் உண்டு. அது கலாவுக்குத் தெரியும், நுஸ்ரத்திடம் சொல்லத்தான் உருது வரவில்லை. என் மேஸ்திரி உருதுவில் அதற்கு நாலு வார்த்தை இருக்கிறது, ஒன்றும் பெண்பிள்ளை முன்னால் சொல்லக்கூடியது இல்லை. அவளாகவே நாசூக்காகக் கேட்டு, "அதுக்கும் வழி இருக்கு, டாக்டர்கிட்ட கேளுங்க" என்றாள். அந்தப் போன் முடிய இருபது நிமிடம் ஆனது. எல்லாக் குறையையும் கேட்டுவிட்டு, "இப்ப நம்பறேன் அங்கிள்" என்றாள்.

ஐந்தாவது வாரத்தில் ஒருநாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிட்டேன். வந்த பிறகுதான், பூட்டை ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்த்தது நினைவுக்கு வந்தது. வழக்கமாக ஏழு. உடனே பயமாகிவிட்டது, ஏன் பயம் வரவில்லை என்று.

மாதம் ஒருமுறை மாத்திரை வாங்கப் போகும்போது தொப்பிக்காரர் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்காருகிறேன். "உள்ள போய் பேசுங்க பாய், கதவ சாத்துவாங்க, பயப்படாதீங்க" என்பேன். "எனக்கு இன்னா பிராப்ளம்?" என்று சிரிப்பார். ஆடிட் பதில்.

7

புரட்டாசியில் நிவேதாவைக் கொண்டுபோய் விட்டோம். ஹாஸ்டல் அறையில் ஜன்னலைத் திறந்தால் கடல். நான் ஜன்னல் கொக்கியை மூன்று தடவை மட்டும் ஆட்டிப் பார்த்தேன். கலா என் முதுகில் குத்தியதால் நாலாவது தடவை இல்லை. தினம் ஒரு போன், சாயங்காலம் ஏழு மணிக்கு, அவளே செய்வாள் என்று ஒப்பந்தம்.

செய்தாள். ஒரு நாளும் தவறவில்லை.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்பா."

"தூக்கம்?"

"நல்லா தூங்கறேன்."

"கூட இருக்கற பொண்ணுங்க?"

"சூப்பர்."

"வேற?"

"எல்லாம் ஓகேப்பா."

எட்டாம் நாளும் இதே பதில்கள், இதே வரிசை. போனை வைக்கப்போனவன் வைக்கவில்லை. என்னவோ இடித்தது. ஒரு சொட்டுக் கறை இல்லை. வீட்டில் உப்புமாவில் கறிவேப்பிலை இருந்தாலே நாலு குறை சொல்கிற பெண்.

எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன். நுஸ்ரத் குரலை வரவழைத்துக்கொண்டு, டீக்குச் சர்க்கரை கேட்பதுபோல் கேட்டேன்.

"மொத வாரம் எல்லாருக்கும் எதாவது ஒண்ணு இருக்கும்மா. உனக்கு ஒண்ணுமே இல்லியா?"

கடல் மட்டும் கேட்டது, அல்லது போன் இரைச்சல். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"ரொம்ப பேஜாரா இருக்குப்பா."

அந்த வார்த்தையை அவள் வாயில் நான் கேட்டதே இல்லை. எங்கே வைத்திருந்தாளோ.

யாரும் அவளோடு சாப்பிட உட்காருவதில்லையாம். தன் இங்கிலீஷ் வேறு மாதிரி இருக்கிறதாம். முதல் நாள் படகில் கூட்டிப்போனபோது வாந்தி எடுத்தது இவள் ஒருத்திதானாம். சொன்னால் அப்பா ரயில் ஏறி வந்துவிடுவார் என்று சொல்லவில்லையாம். முப்பத்தைந்து நிமிடம் பேசினாள். கோபம் இல்லாமலே தமிழில் பேசினாள். என் நெஞ்சு டிரம் போலச் சுற்றியது. கை மரத்தது. கலா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் எதற்கும் வைத்தியம் சொல்லவில்லை. "ம்" என்றேன். "அப்புறம்?" என்றேன்.

கடைசியில் அவளே மூக்கைச் சிந்திவிட்டு, "நீ வரவேணாம்பா. நாளைக்கு மறுபடி படகு இருக்கு. வாந்தி எடுத்தா சொல்றேன்" என்றாள்.

"எடுக்கலன்னாலும் சொல்லு."

நான் போகவில்லை. அவளுக்கு என்னால் ஆனது அதுதான் என்று புரிந்து, அன்று இரவு முழுக்க நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ரயில் நேரத்தை மட்டும் பார்த்து வைத்தேன். காலை ஐந்து நாற்பதுக்கு ஒன்று இருக்கிறது. மாத்திரைதான் போட்டிருக்கிறேன், ஆள் அதே ஆள்தான்.